கொம்பன் கேட்ட படையல்

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் எதேச்சையாக எட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. உள்ளங்கை அகலத் திரையில் கொம்பன் நிற்கிறான். அதே கறுப்பு உடம்பு, அதே வளைந்த கொம்பு, மூக்கிலிருந்து அதே புகை. எனக்குத் தலைக்கு டை அடித்து மாளவில்லை. அவனுக்கு ஒரு நாள் கூட வயசு ஏறவில்லை.

"யாருடா இவன்?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"பழைய கேம்மா. ஏழாவது கோட்டை பாஸ். உங்க காலத்துது."

எங்கள் காலத்ததுதான். எங்கள் வீட்டையே ஒரு கோடை முழுக்கத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவன் அவன். கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

அப்போது நாங்கள் காளவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஐந்தாறு வீடு, பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்கு லாரி செட்டில் டிங்கர் வேலை. பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டிவிட்டு வருவதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். நான் ஆறாவது முடித்திருந்தேன். அக்கா ஒன்பதாவது முடித்து, பத்தாவது போகிறாள். எங்கள் வகையறாவிலேயே பத்தாவது வரை வந்த முதல் பெண் அவள்தான். அப்பா செட்டில் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

முழுப்பரீட்சை லீவு விட்டதும் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குக் கோடாலித் தைலம், எங்களுக்கு ஒரு டிவி கேம். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஜப்பான் எழுத்து என்றார் சித்தப்பா. கடைக்காரன் தலையில் கட்டிவிட்டதை அவர் எங்கள் தலையில் கட்டினார். நாங்கள் அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிடாத குறை.

கேசட்டை ஊதி ஊதிச் செருகியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த எச்சிலும் தகரமும் கலந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர அதில் வழி கிடையாது. அணைத்தால் முதல் கோட்டையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு எழுந்தால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு கேமை ஓடவிட்டு, அம்மா கண்ணில் படாமல் துண்டைப் போட்டு மூடிவைப்போம். அடாப்டர் இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கும். விசிறி மட்டையால் அதற்கு விசிறுவது என் வேலை. ஆடுவது அக்கா. நான் ஆடினால் இரண்டாவது கோட்டையிலேயே செத்துவிடுவேன்.

ஆறு கோட்டைகளை அக்கா அநாயாசமாகத் தாண்டிவிடுவாள். ஏழாவதில் பெரிய கூடம், பின்னால் ஒரு இரும்புக் கதவு, கதவுக்கு முன்னால் அவன். உள்ளே நுழைந்ததும் பாட்டு நின்றுவிடும். கால் தரையில் மோதும் சத்தம் மட்டும் தொம் தொம் என்று கேட்கும். நாங்கள்தான் அவனுக்குக் கொம்பன் என்று பேர் வைத்தோம். தலையைக் குனிந்து ஓடி வந்து முட்டுவான். அக்கா வாளால் வெட்டுவாள். வெட்டு விழும்போதெல்லாம் திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக மின்னும். அவனுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை வெட்டு வெட்டினாலும் நின்றுகொண்டே இருப்பான். கடைசியில் நம் ஆள் செத்துப்போவான், இல்லையென்றால் கரண்ட் போகும்.

"இவன எப்படிடி கொல்றது?" என்று அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். கனவில் கூட அவனைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

ஒரு மத்தியானம், வெயிலுக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். இருட்டறையில் டிவி மட்டும்தான் வெளிச்சம். அக்கா கொம்பனை விடாமல் வெட்டிக்கொண்டிருந்தாள். திரை சிவப்பு வெள்ளை, சிவப்பு வெள்ளை என்று மின்னியது. திடீரென்று அவள் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் கூப்பிட்டேன். கண் மேலே செருகியது. அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை. அம்மா என்று கத்தினேன். திரையில் கொம்பன் இன்னும் தொம் தொம் என்று நடந்துகொண்டிருந்தான்.

அம்மா ஓடி வந்து சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தாள். இரும்பு பட்டால் அடங்கிவிடும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கொஞ்ச நேரத்தில் அடங்கவும் செய்தது. அக்கா முழித்துப் பார்த்து, "என்னடி எல்லாரும் நிக்கிறீங்க?" என்றாள். வெயில் மயக்கம் என்று சொல்லி அம்மா மோரைக் கரைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நடந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள், நான் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா தரையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். திரையில் அதே ஏழாவது கோட்டை.

அம்மாவுக்கு அதன் பிறகு சந்தேகமே இல்லை. டிவியைக் கைகாட்டி, "இந்தக் கொம்பு வச்ச மூதேவிதான் எம்புள்ளயப் புடிச்சிருக்கான்," என்றாள். மஞ்சள் துணியில் கேசட்டை முடிந்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.

காம்பவுண்டில் கடைசி வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அவர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். "இது வலிப்புங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா மாத்திரை குடுப்பாங்க. தொட்டிக்கிட்ட, அடுப்புக்கிட்ட விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க."

அம்மா முகம் செத்துப்போனது. டீச்சர் போகும்வரை பொறுத்திருந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"வலிப்புன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா இவள எவன் கட்டுவான்? பேய்னா ஓட்டிட்டாப் போயிரும். சீக்குன்னா சாகுற வரைக்கும் கூடவே வரும்ல!"

எனக்கு அன்றைக்குப் புரியாதது இதுதான். மகளுக்குச் சீக்கு என்பதைவிட மகளைப் பேய் பிடித்திருக்கிறது என்பது அம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. அவள் கெட்டவளும் இல்லை, முட்டாளும் இல்லை. ஊர் வாயை எங்களைவிட நன்றாக அறிந்தவள், அவ்வளவுதான். அப்பா தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திருவாதவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கோடாங்கி இருந்தார். உடுக்கை அடித்துப் பேயோட்டுகிறவர். பேய் இறங்கும்வரை அக்கா அங்கேயே கோயிலடியில் கிடக்கட்டும், பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடம் அப்புறம் என்றதும் அக்கா பெட்டியில் அடுக்கிவைத்திருந்த பத்தாவது புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள். ஏற்கெனவே அங்கே போய் மாசக்கணக்கில் மரத்தடியில் கிடந்த ஒரு பெண்ணின் கதை எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு நாள் ஊருணியில் தண்ணீர் மொள்ளப் போனவள், குப்புறச் செத்துக் கிடந்தாள். பேய் அமுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மட்டும் என் காதில், "வலிப்பு வந்திருக்கும்டி," என்றாள்.

பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோரம். காலை வெயில். ரோட்டின் ஓரமெல்லாம் புளியமரம். மரத்துக்கு மரம் வெயில் வெட்டி வெட்டி அவள் முகத்தில் விழுந்தது. ஒத்தக்கடை தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அவள் தலை திரும்பியது. டிவி இல்லை, கேம் இல்லை, கேசட் அம்மா பையில் மஞ்சள் துணிக்குள் கிடந்தது. அப்படியும் வந்துவிட்டது! பஸ்ஸே அலறியது. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்.

"பாத்தீங்களா, கூடவே வாரான்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கும் அந்த நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. அதுவரை பயமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் கொம்பன் எங்களோடு ஓடி வருவது என் கண்ணுக்கே தெரிந்தது.

கோடாங்கி வெள்ளிக்கிழமை உச்சி வேளைக்கு வரச் சொல்லியிருந்தார். சிவப்பு வேட்டி, தோளில் உடுக்கை, குரல் மட்டும் மெதுவாக இருக்கும். நான் நினைத்த மாதிரி முரட்டு ஆளாக இல்லை. அக்காவை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் சுற்றி நின்றது. உடுக்கைச் சத்தம் ஏறியது. தொம் தொம் என்று அதே ஏழாவது கோட்டைச் சத்தம்.

அக்கா முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கோடாங்கி வேப்பங்குழையால் தோளில் இரண்டு போடு போட்டார். அவள் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு வேகமாகச் சுழன்றது. ஈரக் கூந்தல் என் முகத்தில் பளீரென்று அடித்தது.

"யாரு நீ?" என்றார் கோடாங்கி.

"கொம்பன்!"

அது அக்காவின் குரலே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்பா ஓரடி பின்னால் போனார். தகரத்தைச் சுத்தியலால் பிளக்கிற மனிதர், வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த எல்லை?"

"ஏழாவது கோட்டை."

கோடாங்கிக்குக் குழப்பம். எந்த ஊர்க் கோட்டை என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். "சரி, எந்தக் கோட்டையா இருந்தா என்ன. என்ன வேணும்னு கேளு. வாங்கிக்கிட்டுப் புள்ளைய விட்டு இறங்கு. கோழி வேணுமா? சாராயமா? சுருட்டா?"

"அப்பன் சத்தியம் பண்ணணும். கேட்டதக் குடுக்கணும்."

ஒரு தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பா எரிகிற சூடத்தின் மேல் கையை அடித்து, "எம்புட்டு ஆனாலும் தாரேன். எம்புள்ளைய விட்ருய்யா," என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா தலையை ஆட்டுவதை நிறுத்தினாள். உடுக்கையும் நின்றது. அந்த அமைதியில் அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது.

"பெரியாஸ்பத்திரி."

கோடாங்கி குனிந்து, "என்னாது?" என்றார்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். டாக்டரு குடுக்குற மாத்திரைய ஒரு வேளை விடாம குடுக்கணும். பத்தாவது பரிச்ச எழுத விடணும். இதுல எது கொறஞ்சாலும் திரும்பி வருவேன்!"

சொல்லிவிட்டு அக்கா பொத்தென்று மண்ணில் சாய்ந்தாள்.

கூட்டத்தில் ஒருத்தர், "ஆஸ்பத்திரி கேக்குற பேய நான் பாத்ததே இல்லப்பா," என்றார். அம்மா, "இது ஏதோ ஏமாத்து வேல அண்ணே, இன்னொருவாட்டி அடிச்சுக் கேளுங்க," என்று கோடாங்கியிடம் கெஞ்சினாள். அக்கா மண்ணில் கண்ணை மூடிக் கிடக்கிறாள். இன்னொரு தடவை அடித்தால் என்ன ஆகும்?

கோடாங்கி கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடுக்கையைத் தோளில் மாட்டினார்.

"அது எது கேட்டாலும் கேட்டதுதான் தாயி. சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணியாச்சு. ஆடு கேட்டா கோழியக் குடுத்து ஏமாத்த முடியுமா? திங்கக்கெழமையே கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா நான் பொறுப்பு இல்ல."

அவர் நம்பிச் சொன்னாரா, புரிந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழக்கப்படி அக்கா உச்சி முடியில் ஒரு கற்றையை அறுத்து வேப்பமரத்தில் வைத்து ஆணி அடித்தார். கொம்பன் குடியிருந்த வீடு இது என்று அம்மா கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். அதையும் மரத்தில் வைத்து நடுமத்தியில் ஆணியை இறக்கினார். மஞ்சள் பிளாஸ்டிக் படக்கென்று வெடித்தது. அதுவரை அழாத நான் அதற்குத்தான் ஓவென்று அழுதேன். தங்கச்சிக்கு அக்கா மேல் எம்புட்டுப் பாசம் என்று ஊர்க்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர். எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காதான் சொன்னாள். "டிவி கேம்ல கொம்பன்னு ஒருத்தன் டாக்டர். அவன வெட்டுறப்ப செகப்பும் வெள்ளையுமா மின்னும். அப்ப வரும். அப்புறம் பஸ்ல ஒருவாட்டி."

"பஸ்ல எங்க உக்காந்திருந்த?"

"ஜன்னலோரம். புளியமரமா வந்துச்சு. வெயிலு மூஞ்சில விட்டு விட்டு அடிச்சுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "சில பிள்ளைங்களுக்கு வெளிச்சம் வேகமா மின்னுனா வலிப்பு வரும்மா. டிவியில மின்னுனதும் அதுதான், மரத்துக்கு நடுவுல வெயிலு மின்னுனதும் அதுதான். அந்தக் கொம்பன்தான் கெளப்பி விட்டிருக்கான்."

அம்மா நிமிர்ந்தாள். அப்பாவின் விலாவில் முழங்கையால் இடித்தாள். "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல, அவந்தான் புடிச்சான்னு! கேட்டீங்களா?"

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து அம்மா சொன்னது தப்பு, டீச்சரம்மா சொன்னது சரி என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் அடையாளம் காட்டியதில் அம்மா தப்புப் பண்ணவே இல்லை. தண்டனையை நிறைவேற்ற எங்கே போக வேண்டும் என்பதில்தான் தப்புப் பண்ணிவிட்டாள்.

மாத்திரைக்கு வலிப்பு கட்டுப்பட்டது. அக்கா பத்தாவது எழுதினாள், அதற்கு மேலும் படித்தாள். இப்போது திருப்பரங்குன்றம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் அவளுக்குத்தான் போன் போட்டுத் திட்டுவோம். கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளையிடம் பெண் பார்க்க வந்த அன்றே தனக்கு வலிப்பு உண்டு என்று அவளே சொல்லிவிட்டாள். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

வேப்பமரத்தடியில் பேசியது யார் என்று மட்டும் நாங்கள் அவளிடம் கேட்டதே இல்லை. அப்பா சாகும்வரை அது கொம்பன்தான் என்று நம்பினார். கேட்டு அதைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவிவிட்டு வந்து, மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இவன எப்படிக் கொல்றதுன்னு காட்டு," என்றேன்.

"இவனக் கொல்ல முடியாதும்மா. வெட்டவே கூடாது. இங்க பாரு."

திரையில் நம் ஆள் வாளை உறையில் போட்டான். கொம்பன் தலையைக் குனிந்து ஓடி வந்தான். முட்டுகிற நேரத்தில் நம் ஆள் ஒரே தாவாகத் தாவி அவன் கொம்பைப் பிடித்து முதுகில் ஏறிவிட்டான். கொம்பன் வெறி பிடித்த மாதிரி நேரே இரும்புக் கதவைப் பார்த்து ஓடினான்.

"நிறுத்து, நிறுத்து," என்றேன். மகன் வீடியோவை நிறுத்தினான். நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கொம்பன வெட்டக் கூடாதாம்க்கா. அவன் குனியிறப்ப முதுகுல ஏறணுமாம்."

எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது.

"தெரியும்டி," என்றாள் அக்கா.

"தெரியுமா? எப்படிக்கா?"

"ரெண்டாவது வாட்டி விழுந்தேன்ல, அன்னைக்குத்தான். வெட்டி வெட்டிக் கை வலிச்சுப் போச்சு. சும்மா தாவிப் பாத்தேன், ஏறிட்டேன். அவன் கதவப் பாத்து ஓடுறான், ஒரே மின்னலு. அதுக்கப்புறம் உன் மூஞ்சிதான் தெரியும்."

"ஏங்க்கா இத்தன வருஷமா சொல்லல?"

"சொல்லிருந்தா மரத்தடியில பேசுனதையும் சேத்துச் சொல்லணுமேடி. நான் கேட்டா அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்குமா? எதுத்துக் கத்துனா குழையால இன்னும் நாலு போடு போட்டிருப்பாங்க. உடுக்கச் சத்தம் கேக்கையில இவந்தான் ஞாபகத்துக்கு வந்தான். எதுக்காம இவன் முதுகுல ஏறிட்டேன்."

பதினாலு வயசுப் பிள்ளை. அத்தனை பேர் சுற்றி நிற்க, தோளில் அடி விழ, ஒற்றையாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். பக்கத்திலேயே நின்ற நான் கேசட்டுக்கு அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

"அது கெடக்கட்டும்," என்றாள் அக்கா. "அந்தக் கதவு தெறந்துச்சா இல்லையா? நான் பாக்கவே இல்லைல."

"இரு, பாத்துச் சொல்றேன். வீடியோவ நீ பாத்துறாதக்கா, மின்னும்."

மகனை ஓட்டச் சொன்னேன். திரை சிவப்பும் வெள்ளையுமாக மின்னியது. கொம்பன் போய் மோதினான். இரும்புக் கதவு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"தெறந்துருச்சுக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உள்ள என்னடி இருக்கு?" என்றாள்.

"எட்டாவது கோட்டைக்கா."

அவள் சிரித்த சிரிப்பில் என் மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதான பாத்தேன்! சரி வையி. மாத்திர போடணும், நேரமாச்சு. கொம்பனுக்கு வாக்குக் குடுத்திருக்குல்ல."